சுவருக்கு மேலே ஒரு சாண்

கருத்தம்மாவின் கைக்குத் தப்பிப் பெட்டிக்குள் போன கறை எதுவும் கிடையாது என்று அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் சொல்வார்கள். தைத்து முடித்த பனியன்கள் செக்கிங் மேஜைக்கு வந்து குவியும். உள்ளே கையை விட்டு விரிப்பாள், வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்புவாள், அவ்வளவுதான். மிஷின் எண்ணெய்ச் சொட்டு, துருப் புள்ளி, ஊசி குத்திய ஓட்டை, எவனோ சாப்பிட்ட கையோடு தொட்ட மஞ்சள், எது இருந்தாலும் அதன் மேல் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வந்து உட்காரும். கறை இல்லாதது மட்டும் ஏற்றுமதிப் பெட்டிக்குள் போகும்.

"எனக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப உங்களைத்தானுங்க்கா கூட்டிட்டுப் போகோணும்," என்பான் சூப்பர்வைசர் சசிகுமார்.

"நான் வந்தா உனக்குக் கல்யாணமே நடக்காது தம்பி. எல்லாப் பிள்ளைக மேலயும் ஸ்டிக்கர் ஒட்டிப்புட்டு வந்திருவேன்," என்பாள் அவள்.

ஆண்டிபட்டிக்குத் தெற்கே, மழை பெய்தால் வெள்ளாமை, இல்லையென்றால் கூலி என்று கிடந்த ஊர் அவளுடையது. மூக்கையாவைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து இறங்கிய முதல் நாள் ஒரு கம்பெனி வாசலில் வாயைப் பிளந்து நின்றாள். வெள்ளைத் துணி வைக்கோல் போர் மாதிரி குவிந்து கிடந்தது. ஒரு ஊரே உடுத்தினாலும் தீராது. "இம்புட்டையும் யாரு மாமா போடுவாக?" என்று கேட்டாள். "கடலுக்கு அங்கிட்டு உள்ளவுக," என்றான் அவன். உலகம் அவ்வளவு பெரியது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பல்லடம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் தெய்வாத்தாளின் லைன் வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். ஒரு அறை ஒரு குடும்பம். சமையல் அவரவர் வாசலில், தாழ்வாரத்து ஷீட்டுக்குக் கீழே. கூரை சிமெண்ட் ஷீட். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு சாண் திறந்தே கிடக்கும். செங்கல் மிச்சம் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இந்த வீட்டில் "நூறு வயசு" சொல்லலாம்.

அந்தப் பக்கத்து வீட்டில் ஞானசம்பந்தம் தனியாக இருந்தார். தாராபுரத்துக்காரர், மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. மூக்கையா நிட்டிங் மிஷின் ஓட்டிய அதே கம்பெனியில் கேட்டில் வாட்ச்மேன். சுருட்டுக் குடிப்பவர். அவர் கடந்து போனாலே அந்த வாடை ஒரு பாகம் தூரம் பின்னால் வரும்.

நிட்டிங் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கும். ஒரு பொறி போதும், எல்லாம் போய்விடும். அதனால் ஷிஃப்டுக்குப் போகிறவன் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சுவரில் புறாக்கூண்டு மாதிரி ஒரு மரத்தட்டு இருக்கும், ஆளுக்கொரு பொந்து. வேலை முடிந்து வரும்போது வாங்கிக்கொள்ளலாம். முதலாளியின் மச்சினனே வந்தாலும் ஞானசம்பந்தம் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். யாரும் முணுமுணுத்ததில்லை. துணியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ஆம்பிளைகளுக்கு அது உடனே புரிந்துவிடுகிறது.

கருத்தம்மாவுக்கும் மூக்கையாவுக்கும் ஒரே பெண், அபிராமி. மூன்று வயதில் சளி என்று ஆரம்பித்தது இளைப்பாகி நின்றுவிட்டது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழும். விடும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில் கேட்கும். மூச்சு முட்டும் பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி, சற்று முன்னால் சாய்த்துத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லாமலே அது கருத்தம்மாவுக்கு வந்தது. கோழிக்குஞ்சு கனம்கூட இல்லாத உடம்பு, ஒரு மூச்சுக்காக இத்தனை வேலை செய்கிறதே என்று பிள்ளையைத் தோளில் போட்டபடி வியந்து நிற்பாள். நாமெல்லாம் நினைக்காமலே செய்கிற காரியத்துக்கு அந்தக் குழந்தை மலை ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் கட் கழுத்தை நெரித்தது. பகலில் மிஷின் ஓடவில்லை. மூக்கையாவின் கம்பெனி அவனை இரவு ஷிஃப்டுக்குத் தள்ளியது, கூடவே ஞானசம்பந்தத்தையும். கருத்தம்மாவுக்கு ஜெனரேட்டர் வைத்த கம்பெனி, பகல் வேலை. காலையில் அவன் உள்ளே வர, அவள் டிபன் தூக்கோடு வெளியே போவாள். பகலெல்லாம் பிள்ளை அப்பனோடு. அவனும் நல்ல அப்பன்தான். தலை வாரிவிடுவான், கஞ்சி ஊட்டுவான், அவளுக்கென்று ஒரு கதை கட்டிச் சொல்லிப் பக்கத்தில் படுத்துத் தூங்குவான்.

அந்த வருடம் அக்டோபரில் பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. தெருமுனை டீக்கடைக்காரர் பயந்துபோய், பீடி பற்ற வைப்பவர்களை எல்லாம் விரட்டினார். "வீட்டுல போய்க் குடிங்கப்பா, என்னை ஃபைன் கட்ட வெக்காதீங்க." ஊரில் பாதிப் பேர் அந்த யோசனையைக் கேட்டுக்கொண்டார்கள்.

ஐப்பசியில் அபிராமிக்கு முதன்முறையாகப் பெரிதாக வந்தது. சாயந்திரம் கருத்தம்மா வேலை முடிந்து வந்தபோது பிள்ளை பேச முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மிஷினை மூக்கில் வைத்தார்கள். டாக்டரம்மா இளவயதுக்காரி.

"வீட்டுல யாராவது புகை பிடிப்பாங்களா?"

"எங்க வீட்டுக்காரரு பிடிப்பாரும்மா. ஆனா வீட்டுக்குள்ள கெடையாது, தெருவுக்குப் போயித்தான்," என்றாள் கருத்தம்மா. பெருமையாகவே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எழுந்து வெளியே போவதை அவள் கண்ணால் பார்த்தவள்தானே. "பக்கத்து வீட்டுக்காரருதான் சுருட்டு. செவுரு இருக்கு, ஆனா மேல மூடல."

"கொஞ்சமா வந்தாப் பரவாயில்லைன்னு ஒரு அளவே கெடையாதும்மா. பிள்ளைகிட்டப் புகை வரவே கூடாது. இன்னைக்கு நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க. அடுத்த தடவை பஸ் கெடைக்கலேன்னா?"

அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் கருத்தம்மா வீடு திரும்பினாள்.

மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் ஞானசம்பந்தம் குடத்தோடு நின்றார். லைன் பூராவும் அங்கேதான் இருந்தது.

"அய்யா, உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லேங்கறதுக்காக ஊரான் பிள்ளையக் கொன்னுபுடாதீக," என்றாள்.

குடங்கள் எல்லாம் நின்றன. முன்வீட்டு வாசலில் நின்ற தெய்வாத்தாள் இடுப்பில் கையை வைத்தாள். "ஏனம்மிணி, காலங்காத்தால யாரு யாரைக் கொல்றது?"

"இவர் சுருட்டுப் புகைதான் செவுத்துக்கு மேல வந்து என் பிள்ளை நெஞ்சுல எறங்குது. டாக்டரே சொல்லிட்டாக."

"ஏனுங் வாட்ச்மேனு, கம்பெனிக்குத்தான் காவலா? எம்பட ஊட்டுக்கு நீங்களே நெருப்பா?" என்றாள் தெய்வாத்தாள். யாரோ சிரித்தார்கள்.

ஞானசம்பந்தம் கருத்தம்மாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், ஷிஃப்ட் முடிந்து வந்து பல் விளக்கிக்கொண்டிருந்த மூக்கையாவையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார்.

"செரி அம்மிணி. இனிமே நான் ரோட்டுக்கு அக்கட்டால போய்க்கறனுங்க," என்றார். குடத்தைத் தூக்கிக்கொண்டு, சொத்தை முழங்காலை இழுத்து இழுத்து நடந்து போனார்.

கருத்தம்மா அத்தோடு விடவில்லை. திருப்பூரில் எதற்கும் மருந்து பனியன் வேஸ்ட்தான். வண்டி துடைக்க அது, தலையணைக்கு அது, கால்மிதி அது, ஒழுகும் ஷீட்டுக்கு அடைப்பு அது. கட்டிங்கில் விழுந்த வெள்ளைத் துண்டுகளை ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்தாள். சலவை செய்த துணி, முல்லைப்பூ வெள்ளை. அதை இறுக்கமாக உருளை உருளையாகச் சுருட்டினாள். மூக்கையா ஸ்டூலில் ஏறி, சுவருக்கு மேலே இருந்த ஒரு சாண் சந்தில் ஒவ்வொன்றாகச் செருகினான். ஒரு முனை இந்த வீட்டைப் பார்த்தது, மறுமுனை அந்த வீட்டைப் பார்த்தது. "எறும்புகூட வராது புள்ள," என்றான் இறங்கி.

வேடிக்கை, அதற்குப் பிறகு ஞானசம்பந்தத்தின் இருமல் குறைந்தது. அதுவரை சாயந்திரமானால் இருமித் தள்ளுகிற மனிதர். "பாத்தியா மாமா, நாம கேட்டதுல கெழவன் சுருட்டைக் குறைச்சிட்டாரு," என்றாள். மூக்கையா துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

ஆனால் அபிராமிக்குக் குறையவில்லை. கூடியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நன்றாக இருப்பாள். ஆத்தா பக்கத்தில் இருப்பதால் பிள்ளைக்குத் தெம்பு என்று கருத்தம்மா நினைத்துக்கொண்டாள். தாய்மார்களுக்கு இந்த மயக்கம் சுலபமாக வரும். ஞானசம்பந்தம் ஒரு வாரம் தாராபுரம் போயிருந்தபோதும் பிள்ளைக்கு இழுத்தது. சுருட்டு வாடை சுவரில் ஊறிக் கிடக்கிறது என்றாள் அதற்கு. மனசு ஒரு ஆளைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டால் சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

மார்கழியில் ஒரு மத்தியானம் தெய்வாத்தாள் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். கருத்தம்மா மேஜையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. இந்த முறை ஆக்சிஜன் வைத்தார்கள். மாஸ்க்குக்குள் அந்தச் சின்ன மூக்கு விரிந்து சுருங்குவதையே பார்த்துக்கொண்டு கருத்தம்மா நின்றாள். ஒவ்வொரு மூச்சும் வருமா வராதா என்று பார்த்து நிற்பது ஒரு தவம். மூக்கையா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுதுவிட்டு, காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் ஒரு பீடி பற்ற வைத்தான்.

பிள்ளை பிழைத்து வந்தாள். பொங்கலும் வந்தது. மற்றவர்களெல்லாம் ஊருக்கு மூட்டை கட்டினார்கள். பிள்ளைக்குப் பஸ் ஆகாது என்று இவர்கள் போகவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் வேப்பிலை செருகும் காப்புக் கட்டுக்கு முன்னால் எல்லா அறையும் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும் என்பது தெய்வாத்தாளின் சட்டம். "செவுத்துல அழுக்கை வெச்சிட்டுப் பொங்க வெச்சா அந்தச் சூரியனுக்கே கண்ணு கூசுமாக்கும்," என்பாள்.

மூக்கையா வெள்ளையடிக்கிற மட்டையும் சுண்ணாம்பும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தான். பிள்ளை தெய்வாத்தாள் வீட்டில். கருத்தம்மா ஸ்டூலில் ஏறி, அடைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தரையில் போட்டாள். கீழே இறங்கிப் பார்த்தபோது உருளைகள் ஒரு மாதிரியாக இருந்தன. ஒரு முனை வெள்ளை. மறுமுனை மஞ்சள். மஞ்சளென்றால் மஞ்சளுமில்லை, பழுத்த புகையிலைத் தண்ணீரில் தோய்த்து எடுத்த நிறம்.

'இம்புட்டுச் சுருட்டா குடிச்சான் மனுசன்!' என்றுதான் முதலில் நினைத்தாள். இதைக் கொண்டுபோய்த் தெய்வாத்தாளிடம் காட்ட வேண்டும் என்று ஒரு உருளையைக் கையில் எடுத்தாள். எடுத்தவளின் கை நின்றது. கடைசி உருளை இன்னும் மேலேயே இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். தன் வீட்டைப் பார்த்திருந்த முனைதான் மஞ்சளாக இருந்தது.

நம்பவில்லை. ஞானசம்பந்தம் குளிக்கப் போயிருந்தார்; ஸ்டூலை அவர் வாசலுக்கு எடுத்துப் போய், ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். ஞானசம்பந்தத்தின் அறைப் பக்கம் அந்த உருளையின் முனை, கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே வெள்ளை வெளேரென்று இருந்தது.

திரும்பி வந்து அதையும் பிடுங்கி வெயிலுக்குக் கொண்டுபோனாள். செக்கிங் மேஜையில் செய்வது போல விரித்தாள், திருப்பினாள். அடுப்புக் கரி என்றால் கறுப்பாக இருக்கும், விரலில் ஒட்டும். இது ஒட்டவில்லை, ஊறியிருந்தது. மூக்கில் வைத்தாள். சுருட்டுக்கு ஒரு தித்திப்பு நாற்றம் உண்டு. இதில் அது இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் துவைத்து வந்த சட்டைகளின் வாடை அது. இடுப்புச் சுருக்குப் பையில் எப்போதும் இருக்கும் ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து, பழக்க தோஷத்தில், கறையின் மேல் ஒட்டினாள். ஒட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை மாதம். துணியிலேயே இவ்வளவு என்றால்.

மூக்கையா சுண்ணாம்பு வாளியோடு வந்தபோது, பிள்ளை படுக்கும் பாயைச் சுற்றி உருளைகள் வரிசையாக நின்றன, மஞ்சள் முனை மேலே தெரிய.

"என்ன புள்ள, கடை விரிச்சிருக்க?"

"பாரு."

குனிந்து ஒன்றை எடுத்தான். "எண்ணெய்க் கறையா?"

"மிஷின் ஓட்டுற ஆளு. எண்ணெய்க் கறை எதுன்னு நாஞ் சொல்லணுமா?"

முகர்ந்து பார்த்தான். பிறகு அண்ணாந்து சந்தைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். வாளியைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"தூங்கி எந்திரிச்சு ஒண்ணு ரெண்டு குடிப்பேன்," என்றான் மெதுவாக. "டீக்கடையில வெரட்டுறான். பிள்ளையத் தனியா விட்டுட்டு ரோட்டுக்கும் போக முடியாதுல்ல. மேல பாத்துத்தான் ஊதுவேன். பீடி வெறும் இலைதானே, சுருட்டு மாதிரி இல்லைன்னு... மேல போயிடும்னு நெனச்சேன்."

"போச்சு. அடுத்த வீட்டுக்குப் போச்சு. பெரியவரு அதைக் குடிச்சு இருமிக்கிட்டுக் கெடந்தாரு. அடைச்ச பெறகு எங்க போச்சு மாமா?"

 கையில் இருந்த உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "துணின்னா உருவிப் பாத்துரலாம். பிள்ளை நெஞ்ச..." என்றான் கடைசியில். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

கருத்தம்மா எழுந்து நேரே பக்கத்து வாசலுக்குப் போனாள். ஞானசம்பந்தம் வேட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். "அய்யா, நான் வாய் கூசாமப் பேசிட்டேன். அது உங்க புகை இல்ல," என்று உருளையை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவே இல்லை. "தெரியுமுங் அம்மிணி. பஞ்சுக்குக் காவல் இருக்கறவன் நான், கூரைக்குக் கீழ பத்த வெக்க மாட்டேன். உங்கூட்டுல தீக்குச்சி ஒரசற சத்தம் மட்டும் மேல கேக்கும்."

அவளுக்குப் புல்லரித்தது. லைன் பூராவும் நின்று சிரித்தபோது இந்த மனிதர் ஒரு வார்த்தையில் அவள் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. செய்யாத தப்புக்கு, அந்த முழங்காலோடு தினமும் சாலையைத் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறார்.

"ஏன்யா சொல்லல?"

"புருசன் பொண்டாட்டி நடுவுல நான் எப்படிப் பேசறதுங்? வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியதான் நிக்கோணும்."

கும்பிடத் தூக்கிய கையை அவள் பாதியில் இறக்கினாள். "பிள்ளை மூச்சு முட்டிக் கெடந்த சத்தம்? அதுவும் செவுத்துக்கு மேல கேட்டுச்சா, இல்லையா?"

ஞானசம்பந்தம் கொடியில் கிடந்த வேட்டியின் முனையை இழுத்து நேராக்கினார். பெருந்தன்மை பெரிய விஷயம்தான். ஆனால் அதனால் பிள்ளைக்கு ஒரு மூச்சுகூடக் கிடைக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. "கேட்டுச்சுங்," என்றார். "அது என்ற தப்புத்தான்."

பின்னாலேயே மூக்கையா வந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து, கம்பெனி வாசலில் நீட்டுவது போலவே நீட்டினான்.

"இதென்னப்பா?"

"துணிக்குத் தீப்பிடிச்சிரும்னு தெனமும் உங்ககிட்டக் கொடுத்துட்டுத்தான உள்ள போறேன். ஒருநாளும் ஏன்னு கேட்டதில்ல. வாங்கி வையுங்க."

பெரியவர் வாங்கவில்லை. "கம்பெனில ரூல் இருக்குது. வேலை முடிஞ்சாத் திருப்பிக் கொடுக்கோணும். இங்கத்த ரூலு என்ன?"

மூக்கையா யோசித்தான். "கேட்டாக் கொடுங்க. ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் பத்த வெப்பேன். பிள்ளையத் தெய்வாத்தா அம்மாகிட்ட விட்டுட்டுப் போறேன். வந்து குளிச்சு, சட்டை மாத்திட்டுத்தான் அவளத் தொடுவேன். மாத்தலேன்னா அடுத்த தடவை கொடுக்காதீக."

"அழுவியேப்பா?"

"அழுதாலும் கொடுக்காதீக."

"செரி, கொண்டா," என்று ஞானசம்பந்தம் கையை நீட்டினார். வீட்டுக்குள் போய், சாமி படத்துக்குக் கீழே இருந்த மாடத்தில் வைத்தார்.

கருத்தம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. பார்க்கலாம் என்றிருந்தாள். தெருவில் பேசாதவர்கள் இல்லை. "பீடி குடிச்சதுக்குத் தீட்டுக் குளியலாய்யா?" என்று டீக்கடைக்காரரே கேட்டார். தெய்வாத்தாள் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளும்போதெல்லாம், "உங்கொப்பன் சீமைக்குக் கப்பலேறப் போறான் கண்ணு, டாட்டா சொல்லு," என்பாள். முதல் வாரத்தில் இரண்டு தரம் சட்டை மாற்றாமல் பிள்ளையைத் தூக்கினான். இரண்டு தரமும் ஞானசம்பந்தம் மறுநாள் மாடத்தைப் பார்க்கவே விடவில்லை. வாசலில் கடும் சண்டை. "யோவ், அது என் காசுய்யா!" என்று மூக்கையா கத்த, "கேட்டுல சத்தம் போடாதீங்க," என்று பெரியவர் கம்பெனிக் குரலில் சொன்னார். லைனே சிரித்தது. மூக்கையாவும் கடைசியில் சிரித்துவிட்டான்.

பிறகு அது பழக்கமாயிற்று. வாசல் ஆணியில் எப்போதும் ஒரு துவைத்த டி-சர்ட் தொங்கியது. எக்ஸ்போர்ட்டில் தள்ளுபடியான சரக்கு, நெஞ்சில் கோணலாக அச்சடித்த கப்பல் படம். கருத்தம்மா விடுமுறையாய் வீட்டில் இருந்த ஒரு ஆடி மத்தியானம் நல்ல மழை. சாலைக்கு அப்பால், பூட்டிய கடையின் ஓரத்தில், பாலிதீன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவன் குத்தவைத்திருப்பது தெரிந்தது. திரும்பி வந்தான். குழாயடியில் வாயைக் கொப்பளித்தான். அந்த ஈரத்திலேயே குளித்தான். ஆணியிலிருந்து கப்பலை எடுத்து மாட்டினான். அதற்குள் அபிராமி வாசலில் கையை ஆட்டி, "சட்டை மாத்திட்டியாப்பா? கை காட்டு!" என்று அதட்டினாள். அவன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் தூக்கினான்.

கருத்தம்மா அரிசி களைவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரேயடியாய் விட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணுகிற ஆண்களை அவள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறாள். சத்தியம் ஒரு நாள் வேலை. விட முடியாத ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் ஒவ்வொரு தடவையும் பிள்ளையை விட்டு இத்தனை தூரம் விலகிப் போய்க் கழுவிக்கொண்டு திரும்புகிறவனை அவள் பார்த்ததில்லை. மலை நகர்ந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தாள். போகப் போகப் பாதி தரம் அவன் சோம்பலிலேயே போகாமல் விட்டான். குளிப்பதற்குப் பயந்தே பீடி குறைந்தது.

பிள்ளைக்கு முழுசாய் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். பனி இறங்கும் நாட்களில் கொஞ்சம் இழுக்கும். மருந்து உறிஞ்சுவாள், விட்டுவிடும். உதடு மட்டும் அதற்குப் பிறகு நிறம் மாறவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் சேர்த்திருந்தார்கள்.

அடைப்பைப் பிடுங்கிய அன்றைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தபோது மூக்கையா ஒரு காரியம் செய்திருந்தான். மூட்டையில் மிச்சமிருந்த வெள்ளைத் துண்டுகளைப் புதிதாய் ஒரு உருளை சுருட்டி, ஸ்டூலில் ஏறி, அந்தச் சந்தின் நடுவில் ஒன்றே ஒன்றைச் செருகினான். "அடுத்த பொங்கலுக்கு உருவிப் பாரு புள்ள," என்றான். "நீதான செக்கிங்கு."

அடுத்த பொங்கல் வந்தது. தெய்வாத்தாள் சுண்ணாம்புக்கு நச்சரிக்க ஆரம்பித்தாள். ஞானசம்பந்தம் தன் வாசலில் உட்கார்ந்து காப்புக் கட்ட ஆவாரம்பூவையும் வேப்பிலையையும் சேர்த்து முடிந்துகொண்டிருந்தார். அபிராமி அவர் அடுக்கியதைக் கலைத்துக்கொண்டிருந்தாள். கருத்தம்மா ஸ்டூலில் ஏறினாள். மூக்கையா சுண்ணாம்பு கலக்குகிறவன் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கலக்கிய கை நின்றிருந்தது.

உருளையை வெயிலுக்குக் கொண்டுபோனாள். மேலே ஒரு வருடத்துத் தூசி, ஒரு சிலந்திக் கூடு. ஊதித் தட்டினாள். அந்த முனையைப் பார்த்தாள். இந்த முனையைப் பார்த்தாள். எது எந்தப் பக்கம் இருந்தது என்று அவளுக்கே குழம்பிவிட்டது. பிரித்து விரித்தாள், திருப்பினாள், மூக்கில் வைத்தாள். இடுப்புப் பையில் விட்ட கை, ஸ்டிக்கர் ஒட்ட இடம் கிடைக்காமல் பைக்குள்ளேயே நின்றது.

"என்ன புள்ள?" என்றான் அவன், திரும்பாமலே.

"பெட்டியில போடலாம் மாமா," என்றாள் கருத்தம்மா.